இலையின் இடது பாதி

பெரியப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார்.

நான் மோர் வாளியோடு பந்திக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். அவருக்கு இடப்பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சுந்தரம் மாமா அப்போதுதான் இரண்டாவது தடவை மோர் கேட்டுச் சோற்றில் பள்ளம் பறித்திருந்தார். கை அந்தப் பள்ளத்திலேயே நின்றது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

பெரியப்பா எதையும் கவனிக்கவில்லை. வலப்பக்கம் இருந்த என் அப்பாவிடம், "பாயசத்துல ஏலக்கா தூக்கலு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

சுந்தரம் மாமா தன் இலையைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் மூடிய இலையைப் பார்த்தார். மடிக்கப்பட்ட அந்த இலையின் இடது ஓரத்தில், வைத்த கேசரி வைத்தபடி நெய் மினுங்கப் பிதுங்கித் தெரிந்தது.

மோரை வாங்காமல் அவரும் எழுந்தார்.

கை நனைத்த நாள்

வேறு ஊர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். எத்தனை முறை வந்தாலும் ஒரு வாய்த் தண்ணீரோடு போய்விடுவார்கள். எல்லாம் ஒத்துவந்த பிறகு ஒருநாள் விருந்து. அன்று இரண்டு தகப்பன்மாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதுதான் கையெழுத்து மாதிரி.

அந்தப் பந்தியில் பக்கத்து இலை முடியும் முன்னால் எழுந்திருப்பது, போய்யா என்று சொல்வதற்குச் சமம். இலையில் முதலில் வைக்கிற இனிப்பைத் தொடாமல் எழுந்திருப்பது அதைவிட மோசம்.

கல்யாணம் என் வாசுகி அக்காவுக்கு. பெரியப்பாவின் ஒரே மகள். தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வந்த வரன்களெல்லாம் ஏதேதோ காரணத்தில் தட்டிப்போய், அக்கா இனி வேண்டாம் என்று சொல்லியிருந்த காலத்தில் வந்த சம்பந்தம் இது. மாப்பிள்ளை சுந்தரம் மாமாவின் மகன்; ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். இரண்டு பேரும் போனில் பேசிப் பழகியிருந்தார்கள். அக்கா மொட்டைமாடியில் நின்று மெதுவான குரலில் சிரிப்பதை நான் முதல்முறையாக அந்த மாதங்களில்தான் கேட்டேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சுந்தரம் மாமா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நான் நாலு தடவ பேச்சுக் குடுத்தேன். கல்யாணத்த ஆவணியில வச்சுக்கலாமான்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல உங்க அண்ணன். எங்கூட உக்காந்து சாப்புட இஷ்டமில்லன்னா கை நனைக்கக் கூப்புட்டிருக்க வேண்டாம்ல?"

"இல்லங்க, அண்ணன் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல..."

"எப்பிடிப்பட்ட ஆளுன்னு ரோட்டுக்கே தெரியுமே! யோசிச்சுச் சொல்றோம்."

ரோட்டுக்குத் தெரிந்த ஆள்

ரோடு என்று அவர் சொன்னதற்கு ஒரு கதை உண்டு.

பெரியப்பா அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே அவர் ஓட்டிய காலத்தில், ஸ்டாப் தவிர வேறு இடத்தில் யார் கை காட்டினாலும் நிறுத்த மாட்டார். சொந்தக்காரர், ஊர்ப் பெரிய மனிதர், தேர்தலில் நின்றவர், எல்லாருக்கும் ஒரே நியாயம். "எல்லாரும் ஸ்டாப்புக்கு நடக்குறாகள்ல? அவுகளுக்கு மட்டும் கால் எங்க போச்சு?" என்பார்.

அப்படிக் கை காட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் பின்னால் ஓடி, புழுதி குடித்துத் திரும்பியவர்களில் வாலிபத்தில் சுந்தரம் மாமாவும் ஒருவராம். பெண் பார்க்க வந்த முதல் நாள் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். பந்தி முடிந்த அன்று அதே கதையை அவர் சிரிக்காமல் நினைத்திருப்பார்.

இந்தத் தொடரை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு நான் எதில் மூழ்கிக் கிடக்கிறேன் என்று தெரியும். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், பார்த்ததை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டுப் பதில் மாறுகிறதா என்று பஸ் ஸ்டாண்டில் காகிதத்தோடு அலைந்தவள் நான். "இந்த ஊசி போட்டா நெறயப் பேரு பொழைப்பாக, போடலாமா?" என்றேன் ஒருவரிடம். "தாராளமாப் போடலாம்" என்றார். வேறு நாலு கேள்வி கேட்டுவிட்டு, "இந்த ஊசி போட்டும் சில பேரு செத்துப் போவாக, போடலாமா?" என்றேன். "அய்யய்யோ, கூடாது" என்றவர், என்னை மேலும் கீழும் பார்த்து, "ஆமா, நீ எந்தக் கட்சிம்மா?" என்றார்.

என் படிப்பில் அடிக்கடி வருகிற ஒரு விஷயம்: அடுத்தவர் செய்ததற்குக் காரணம் தேடும்போது நாம் அவருடைய குணத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறோம். நான் தாமதமாக வந்தால் பஸ் கிடைக்கவில்லை. நீங்கள் தாமதமாக வந்தால் உங்களுக்குப் பொறுப்பில்லை. அன்று மாலை எங்கள் வீட்டில் ஆளாளுக்குப் பேசிய பேச்சு இந்தப் பாடத்துக்கு உரை எழுதியது மாதிரி இருந்தது. மகளைக் கொடுக்க மனசில்லை என்றார் ஒருவர். பழைய திமிர் என்றார் இன்னொருவர். கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா உண்மையாகவே திகைத்துப் போயிருந்தார்.

"எவன் பேச்சுக் குடுத்தான்? ஒரு வார்த்த எங்காதுல விழுகல. கேசரி எங்க வச்சாக? எனக்கு வைக்கவே இல்லையே!"

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்க" என்றார் பெரியம்மா. "நாந்தான் என் கையால வச்சேன்."

அக்கா அடுக்களையில் மிச்சமிருந்த இலைகளை ஈரத்துணி கொண்டு துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். யாருக்கு இனி அந்த இலைகள் என்று எனக்குத் தோன்றியது.

தட்டு திரும்பியது

மறுநாள் காலை பெரியப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ரெண்டு வை" என்றார்.

பெரியம்மா எட்டிப் பார்த்தார். "தட்டுல இருக்கத மொதல்ல திங்கிறது."

"என்ன இருக்கு? வெறுந்தட்டு."

தட்டின் இடது பாதியில் இரண்டு இட்லி அப்படியே இருந்தன. சட்னி பக்கத்திலேயே உலர்ந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் கோபம் தீராத பெரியம்மா, "கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று தட்டைப் பிடித்து வெடுக்கென்று திருப்பினார். இட்லிகள் வலப்பக்கம் வந்தன.

பெரியப்பா முகம் மலர்ந்தது. "அப்பிடி வை. எப்ப வச்ச? சத்தமில்லாம வைக்கிற!"

நான் போனைக் கீழே வைத்தேன்.

அவர் முகத்தை அப்போதுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். வலது கன்னம் மழமழவென்று இருந்தது. இடது கன்னத்தில் நரைத்த முள். அவசரத்தில் விட்டுவிட்டார் என்று ஒரு வாரமாகக் கேலி செய்திருக்கிறோம். டிவிஎஸ் வண்டி இரண்டு தடவை கேட்டில் உரசியதும் இடது பக்கம்தான். வயசாச்சு, இனி ஓட்டாதீக என்றோம். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் தனித்தனியாக ஒரு காரணம் தயாராக இருந்ததால், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"பெரியப்பா, ஒரு வெளையாட்டு. பஸ்ஸ எடுத்துட்டுக் காரைக்குடியில இருந்து தேவகோட்டைக்குப் போறீக. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் என்னென்ன வரும், சொல்லுங்க."

அவருக்குப் பிடித்த விஷயம். கண்ணை மூடிக்கொண்டார். வலது கை தானாக ஸ்டியரிங் பிடித்தது. பெட்ரோல் பங்க், கண்மாய்க் கரை, வேலிக்கருவைக் காடு, முனியய்யா கோயில், ஒரு பாலிடெக்னிக் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் போகிற திசைக்கு வலப்பக்கம்.

"சரி, இப்ப வண்டியத் திருப்பிக்கிட்டுக் காரைக்குடிக்கு வாங்க."

மறுபடி ஸ்டியரிங். இந்த முறை பெட்ரோல் பங்க்கும் கண்மாயும் கோயிலும் இல்லை. அரிசி மில், செங்கல் சூளை, புளியமரச் சாலை, ஆட்டுச்சந்தைப் பொட்டல் என்று அதுவரை சொல்லாத இன்னொரு ரோடு அவர் வாயிலிருந்து வந்தது. திரும்பி வரும்போது வலப்பக்கத்தில் வருகிறவை.

பெரியம்மாவுக்கும் ஏதோ புரிந்துவிட்டது. "போகும்போது அந்த மில்லு எங்கடி போச்சு?" என்று என்னிடம் கிசுகிசுப்பாகக் கேட்டார்.

புத்தகத்தில் படித்த ஒன்று கண்முன்னே நடக்கும்போது உடம்பில் ஒரு துள்ளல் வருமே, அது எனக்கு வந்தது. அடுத்த மூச்சிலேயே எதிரில் இருப்பது பெரியப்பா என்று உறைத்தது.

இல்லை என்பது தெரியாத இடம்

காரைக்குடி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கத்தில் ஓர் இடத்துக்கு ரத்தம் போகாமல் நின்றிருக்கிறது என்றார் டாக்டர். சில வாரங்களுக்கு முன்னால் வயலில் தலை சுற்றுகிறது என்று பெரியப்பா உட்கார்ந்துவிட, எலுமிச்சைச் சாறு கொடுத்து வெயில் என்று சொல்லி எழுப்பி விட்டோமே, அன்றாக இருக்கலாம். கையும் காலும் வாயும் கோணாமல் தப்பித்ததால் வாதம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "இடது பக்கம்னு ஒண்ணு இருக்கதை மனசு எடுத்துக்க மாட்டேங்குது. அந்தப் பக்கத்துல இருந்து வர்ற பேச்சும் அப்பிடித்தான். பயிற்சி குடுத்தா மெல்ல வரும். முழுசா வருமான்னு இப்பச் சொல்ல முடியாது."

நம் ஒவ்வொருவருடைய கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. நரம்பு வெளியேறுகிற அந்த இடத்தில் எதுவும் தெரியாது. ஆனால் உலகத்தில் ஓட்டை விழுந்ததாக யாரும் முறையிடுவதில்லை. நான் எடுக்கும் வகுப்பில் சாக்பீஸை வைத்து இதைக் காட்டும்போது மாணவிகள் கைதட்டுவார்கள். பெரியப்பாவுக்கு அந்த ஓட்டை பாதி உலகத்தை விழுங்கியிருந்தது. அவருக்கும் எதுவும் குறையவில்லை. பாதி இலைதான் அவருக்கு முழு இலை. அதைத் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது குன்றக்குடி மலை தெரிந்ததும் பெரியம்மா வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மலை காருக்கு இடப்பக்கம் இருந்தது. பெரியப்பா கும்பிடவில்லை.

திமிரா, சீக்கா

"தேவகோட்டைக்குப் போயி மாப்பிள்ள வீட்ல சொல்லிட்டு வந்துருவோம்ணே" என்றார் அப்பா. "விசயம் தெரிஞ்சா மனசு மாறிருவாக."

"யாரும் போகக் கூடாது." பெரியப்பா குரல் உயரவில்லை. "திமிர் புடிச்சவன்னு சொல்றான்ல, சொல்லிட்டுப் போகட்டும். முப்பது வருசமா அந்தப் பேரோடதான வண்டி ஓட்டுனேன். பாதிக் கண்ணன், மூள கலங்குனவன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

"பிள்ள கலியாணங்க" என்றார் பெரியம்மா.

"சீக்குன்னு சொன்னா மட்டும் கட்டிக்கிருவாகளா? அப்பனுக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு கெளம்புவாக. அப்பறம் எந்த வாசல்ல இருந்தும் வர மாட்டாக."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை இழக்கிற இடத்தில், எதை இழப்பது என்று சொல்ல நான் யார்?

அக்கா அடுக்களைக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். கையில் திருத்தாத விடைத்தாள் கட்டு. அந்த ஒரு வாரத்தில் அவள் அதிகம் பேசியது அன்றுதான்.

"அப்பா, அவுக வேணாம்னு சொன்னா நான் தாங்கிக்கிருவேன். பழகிப்போச்சு. ஆனா எங்கப்பா அவுகள அவமானப்படுத்துனாருன்னு நெனச்சுக்கிட்டு வேணாம்னு சொல்லக் கூடாது. அது நடக்கவே இல்லையே. நடந்தத வந்து பாத்துட்டு, அப்பறம் வேணாம்னு சொல்லட்டும்."

பெரியப்பா தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார்.

"வரச் சொல்லு" என்றார்.

கூடத்தில் இருந்தவர்கள்

சுந்தரம் மாமா வந்தார், மனைவியோடு. ஆனால் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். தண்ணீர்கூட வாங்கவில்லை.

நான் என்னால் முடிந்த மட்டும் விளக்கினேன். ஸ்கேன் படத்தைக் காட்டினேன். வேகமாகப் பேசுவது என் வியாதி. பேசப் பேச அவர் முகம் இறுகிக்கொண்டே போனதைப் பார்த்தும் என்னால் நிறுத்த முடியவில்லை.

"நல்லாப் படிச்ச பிள்ள, நல்லாத்தான் பேசுது" என்றார். "ஆனா ஒண்ணு கேக்குறேன். கண்ணு ரெண்டும் நல்லா இருக்குங்கிறீக. இடப்பக்கம் தெரியாதுங்கிறீக. இது என்ன நோக்காடு? நான் இம்புட்டு வயசுக்குக் கேள்விப்பட்டதில்லையே. நடந்தத மறைக்க ஒரு கதை சோடிச்ச மாதிரியில்ல இருக்கு."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியப்பா கையமர்த்தினார்.

"அவுக கேக்குறது தப்பில்ல. எனக்கே நம்பிக்கையில்ல. எனக்கு எல்லாம் முழுசாத்தான் தெரியுது. நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க. எதுன்னாலும் செய்யிறேன்."

சுந்தரம் மாமா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இந்தக் கூடத்துல யாரார் இருக்கோம்? சொல்லுங்க, பாப்போம்."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தேர்வுக்குப் போகிற பிள்ளை மாதிரி சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"நீங்க இருக்கீக. உங்க வீட்ல தங்கச்சி இருக்காக. எந்தம்பி. எந்தம்பி மக பவி, சைக்காலஜி. அந்தா சன்னலுக்குக் கீழ எங்க வீட்ல." ஒவ்வொருவரையும் விரல் நீட்டிச் சொன்னார். "அம்புட்டுத்தேன். சரியா?"

சுந்தரம் மாமா தன் மனைவியைப் பார்த்தார்.

"என்ன, ஆளு விட்டுப்போச்சா? வேற யாரும் இல்லையே." சுற்றிப் பார்த்தார். அவருடைய சுற்று பாதியில் நின்றது. பிறகு ஞாபகம் வந்தவராகக் குரல் கொடுத்தார். "வாசு எங்க? பெரியவுக வந்திருக்காக, உள்ளுக்குள்ளயே இருந்தா எப்பிடி? ஆத்தா வாசு! இங்குட்டு வா."

அக்கா அவருடைய நாற்காலிக்கு இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவர் தோளில் அவள் சேலைத் தலைப்பு படுகிற தூரம். கையில் தண்ணீர்ச் செம்பு.

அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். அடுக்களைப் பக்கம் பார்த்து.

அக்கா செம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாற்காலிக்குப் பின்னால் மெதுவாகச் சுற்றி நடந்து வலப்பக்கம் வந்து நின்றாள்.

"வந்துட்டேம்ப்பா."

"உள்ள என்ன பண்ணுன?"

அக்கா ஒரு கணம் தடுமாறினாள். "அடுப்புல பால் வச்சிருந்தேன்."

பெரியப்பா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதுவோ தவறிவிட்டது என்று எங்களைப் பார்த்துத்தான் அவர் புரிந்துகொள்ள முடியும். அவர் கண்கள் சுந்தரம் மாமாவிடம் போய் நின்றன.

"இப்பத்தான் வருதா பிள்ள?" என்று கேட்டார்.

சுந்தரம் மாமா துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா சம்பந்தி. இப்பத்தான் வருது."

அக்காவைப் பார்த்து, "பால் வச்சிருக்கன்னியே ஆத்தா, காபி போடு. எனக்குச் சீனி கம்மி" என்றார்.

பாலே இல்லாத அடுப்பை நோக்கி அக்கா ஓடினாள். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். நான் பக்கத்து வீட்டுக்குப் பால் வாங்க ஓடினேன்.

அவர்கள் ஆவணியில் ஒரு நாளைப் பேசி முடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு, பெரியப்பா என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நெசத்தச் சொல்லு பவி. வாசு எங்குட்டு நின்னுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் எனக்கு முன்னால் சொல்லிவிட்டார்கள்.

"உங்க இடது கைப் பக்கம், பெரியப்பா. ஒட்டி நின்னா."

அவர் தலையாட்டினார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் நின்ற என்னிடமிருந்து கழுத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பத் தொடங்கினார். நேர் எதிரே வந்ததும் நின்றுவிட்டார். அதற்கு மேல் திரும்ப அவருக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னும் திரும்பணுமா?"

"இன்னும் கொஞ்சம், பெரியப்பா."